தம்ளர் தம்ளராகக் கொட்டிய தண்ணீர்

“…அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நாளைக்குக் காலையில குழாயில தண்ணி வருமா வராதா, அதை மட்டும் சொல்லு,” என்றாள் என் நாத்தனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. பெங்களூர் ஆடுகோடியில் எங்கள் வீட்டு முன்னறை. முன்னறை என்ன முன்னறை, சமையல் மேடையை விட்டால் இருப்பதே அந்த ஓர் அறைதான். நடுவில் ஜிப் போட்ட ஒரு பை. அதற்குள் என் மகளின் கவுன்கள், அவள் படுக்கும் போர்வை, காது அறுந்த ஒரு துணி நாய். பையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் கணவரின் அக்கா. கணவர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். மகள் வாசல்படியில் புது ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது நாலு வயது.

நாத்தனார் ஆம்பூரிலிருந்து வந்தது அவளைக் கூட்டிக்கொண்டு போக. போன் போட்டு வரச் சொன்னது நான். வந்தவளிடம் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று பையைக் காலால் மறித்துக்கொண்டிருந்ததும் நான்தான். இதற்கு நடுவில் நடந்ததைச் சொன்னால்தான் அந்தத் தண்ணீர்க் கேள்வி புரியும்.

எங்கள் வீடு ஒரு வட்டாரத்தில் இருக்கிறது. ஒரே கேட்டுக்குள் ஏழு வீடு, ஏழு வீட்டுக்கும் ஒரே குழாய், அதைத்தான் இங்கே வட்டாரம் என்கிறோம். அந்த வெயில் காலத்தில் ஊர் முழுக்கத் தண்ணீர் வறண்டது. எங்கள் குழாயில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான் வரும், அதுவும் காலை ஆறரைக்கு மேல் ஒரு முக்கால் மணி நேரம். மற்ற நாளில் டேங்கர் வந்தால் உண்டு. அது ஒன்பது மணிக்கும் வரும், பதினொன்றுக்கும் வரும். எங்கள் குழாயடியில் ஒருத்தி சொல்வாள், “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரிடி இந்த டேங்கரு. வரேன்னு சொன்ன நேரத்துக்கு வந்தா அதுக்குக் கௌரவம் கொறஞ்சிடும்.” இந்த மாதிரிப் பேச்சைக் கேட்கத்தான் நான் குழாயடிக்கே போவேன். ஆனால் அந்த வெயிலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறேன். கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைக் காலையில் விட்டுவிட்டுப் போகும் இடம். ஏழரைக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்றால் நான் ஆறு மணிக்கு முன்னாலேயே பஸ் பிடிக்க வேண்டும். என் மகள் எழுந்திருக்க மாட்டாள். எழுந்ததும் பக்கத்து வீட்டுப் பூக்கார அக்கா தூக்கிக்கொண்டு போவாள். கணவர் கம்பெனி கேப் ஓட்டுகிறவர், பாதி நாள் அந்த நேரத்தில்தான் வந்து படுப்பார். செவ்வாய், வெள்ளி மட்டும் இன்னொரு ஆயாவுடன் முறை மாற்றிக்கொண்டேன். தண்ணீர் பிடித்துவிட்டுப் பதினொன்றுக்குப் போவேன். அந்த இரண்டு நாளும் என் மகள் கண் திறக்கும்போது நான் வீட்டில் இருப்பேன். நானே பல் தேய்த்துவிடுவேன், தலை பின்னிவிடுவேன், தோசையைப் பிய்த்து ஊட்டுவேன். இதை அப்போது நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. எனக்கு அது தண்ணீர் நாள். அவளுக்கு என்ன நாள் என்று யார் கேட்டார்கள்?

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. குளியலறையில் இருக்கும் நீல டிரம்மின் அடியில் உள்ள குழாயை நானே சரியாக மூடாமல் விட்டுவிட்டேன். மறுநாள் விடியலில் பார்த்தால் டிரம் காலி. கணவர் வண்டியில் வெளியூர் போயிருந்தார். வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு டேங்கருக்காகக் காத்திருந்தேன். அது பதினோரு மணிக்கு வந்தது. நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். மகள் மதியம் என் மடியில் படுத்து என் தாலிக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே தூங்கினாள். எனக்கு அந்த நாள் ஒரு நாள் சம்பளம் போன எரிச்சலோடு முடிந்தது.

அதற்கடுத்த வாரம்தான் அது ஆரம்பித்தது. புதன்கிழமை சாயங்காலம் நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். குளியலறைக்குள் போய்ப் பார்த்தால் மகள் டிரம்மின் குழாயைத் திறந்துவிட்டு அதன் எதிரே குந்தி உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் போகும் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாதி டிரம் போய்விட்டது.

அடித்தேன். எப்படி அடித்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது அடைத்துக்கொள்ளும். பிறகு கழுத்து சூடாகும். அதற்கப்புறம் எதிரில் இருப்பது பிள்ளையா பெரியாளா என்று தெரியாது. முகம் தெரியாது. கை மட்டும் தெரியும். கொட்டுகிற கை. அந்தக் கையைப் பிடித்து அதன் மேலேயே அடித்தேன். அவள் அழவில்லை. அழாமல் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வைத்தேன்.

இரவல் தண்ணீர் இரண்டு குடம் வாங்கி வைத்துவிட்டு மறுநாள் வழக்கம்போல ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி. புதன்கிழமை மறுபடி. டிரம்மின் குழாயை நான் துணி வைத்துக் கட்டினேன். அவள் குடத்துக்கு வந்தாள். குடத்தைச் சாய்க்க அவளுக்குப் பலம் கிடையாது. ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்துக்கொண்டு, மொண்டு மொண்டு, குளியலறை ஓட்டை வரைக்கும் நடந்து போய் ஊற்றிவிட்டு வருவாள். ஒரு சொட்டுத் தரையில் சிந்த மாட்டாள். இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, அவ்வளவு கவனமாக நடப்பாள். கோபத்தில் கொட்டுகிற பிள்ளையா அப்படிக் கொட்டும்? தரையைத் தொட்டுப் பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். காய்ந்து கிடந்தது. நான் தரையையா பார்த்தேன்?

குடத்துக்கு மூடி போட்டு மேலே அம்மிக்குழவியை வைத்தேன். அவள் பாட்டில்களைக் காலி செய்தாள். கணவர் வண்டிக்கு எடுத்துப் போகும் பாட்டில், அவள் குடிக்கிற பாட்டில், பூச்செடிக்கு வைத்திருந்த டப்பாத் தண்ணீர்கூட. நான் தடுக்கத் தடுக்க அவள் வேலை பெருகிக்கொண்டே போனது.

குழாயடியில் ஏழு வீட்டுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. “உன் வீட்டுத் தண்ணிக்குப் பள்ளம் வேற தோண்டணுமா, அதான் உன் பொண்ணே வழி காட்டுதே,” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, “ஊரே ஒரு கொடத்துக்குச் சாகுது, இவ பொண்ணு அபிஷேகம் பண்றா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் நானே அதில் ஒன்று சேர்த்துச் சொல்லியிருப்பேன். அன்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி அடித்தேன். அவள் அப்போது ஒன்றுமே செய்யவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள்.

பூக்கார அக்கா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழில் பாதி கன்னடம் கலந்துதான் வரும். அவள் ஒருநாள் நேராகவே சொன்னாள், “சும்னே பிள்ளைய அடிக்காதம்மா. பகல் பூரா என்கிட்ட நல்லாத்தான் இருக்கா, காம்பு கிள்ளித் தர்றா, எண்ணித் தர்றா. நீ வந்ததுக்கப்புறம்தான் கலாட்டா சுரு ஆகுது.”

“அப்ப நான்தான் கலாட்டாவா?” என்றேன்.

“நான் அப்படிச் சொல்லல.”

“வேற எப்படிச் சொன்னீங்க?”

அதோடு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. உண்மை அவள் வாயிலேயே இருந்தது. நான் வந்த பிறகுதான் கொட்டுகிறாள் என்றால், கொட்டுவது எனக்காக. இவ்வளவு சின்னக் கணக்கு. எனக்கு ஏறவில்லை.

இதில் என்னை இன்றைக்கும் எரிய வைப்பது எது தெரியுமா? காப்பகத்தில் நான்தான் கெட்டிக்காரி. பிள்ளையைத் தாயின் கையிலிருந்து வாங்குவது அங்கே பெரிய வேலை. அழும், காலைக் கட்டிக்கொள்ளும், வாந்தி எடுக்கும். என் கைக்கு வந்தால் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். எனக்குத் தெரியும், எது பசியில் அழுகிறது, எது தூக்கம் போதாமல் அழுகிறது, எது அப்பாவும் அம்மாவும் காரில் சண்டை போட்டதைக் கேட்டுவிட்டு வந்து அழுகிறது. சட்டைப் பொத்தானைத் திருகினால் மூத்திரம். சுவரோடு ஒட்டி நின்றால் யாரோ அதட்டியிருக்கிறார்கள். பத்துக் குழந்தை சேர்ந்து அழுதாலும் எனக்கு அங்கே காது அடைக்காது. நான் நல்லவள் என்பதால் அல்ல. அங்கே குழாயில் தண்ணீர் எப்போதும் வரும். அங்கே யாரும் என் பின்னால் நின்று என் பிள்ளையைப் பழிக்க மாட்டார்கள். அங்கே ஒரு பிள்ளை பாலைக் கொட்டினால் அது என் பால் இல்லை.

ஏப்ரலில் காப்பகத்தின் பொறுப்பாளர் மேடம் பெற்றோருக்கு ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தார். ஆயாக்களும் கடைசி வரிசையில் உட்காரலாம் என்றார்கள். திரையில் படம் போட்டு, இங்கிலீஷிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினார். தாய் தன் கோபத்தை ஆள முடியாதபோது பிள்ளையின் மனசு அவளுக்குத் தெரிவதில்லை, பிள்ளை செய்வதெல்லாம் தனக்கு எதிராகச் செய்வதாகவே தோன்றும் என்றார். கோபம் வந்தால் மூச்சை இழுத்துப் பத்து வரை எண்ணுங்கள் என்றார். சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். தப்பாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா என் காதில் கிசுகிசுத்தாள், “பத்து எண்ணறதுக்குள்ள நம்ம ஊட்டுப் பால் பொங்கிடும்டி.” நான் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை குழாயடியில் நிஜமாகவே எண்ணிப் பார்த்தேன். என் முறையில் ஒருத்தி குடத்தை நுழைத்தாள். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். ஏழு வருவதற்குள் அவள் குடம் நிரம்பி இடுப்பில் ஏறிவிட்டது.

அன்றுதான் ஆம்பூருக்குப் போன் போட்டேன். நாத்தனார் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். பிள்ளை இல்லை. முன்னாலேயே பல தடவை கேட்டிருக்கிறாள், ஸ்கூலில் சேர்க்கும் வரைக்கும் என்னிடம் விடுங்களேன் என்று. “அண்ணி, என்னால முடியல. கூட்டிட்டுப் போங்க. இங்கேயே இருந்தா ஒருநாள் ஏதாவது பண்ணிடுவேன்,” என்றேன். பயந்துதான் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. “கால் அளவு சொல்லு,” என்றாள். பழைய செருப்பைப் பேப்பரில் வைத்துக் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவானது.

மறுநாள் புதன்கிழமை. காப்பகத்துக்கு ஒரு தாய், மூன்று வயதுக் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். திருச்சிப் பக்கத்துப் பெண், சாஃப்ட்வேர் வேலை. முகமெல்லாம் சிவந்திருந்தது.

“டெய்லி ஒண்ணு ஒளிச்சு வைக்குது ஆன்ட்டி. நேத்து வண்டிச் சாவி. இன்னைக்கு என் ஐடி கார்டு. வீடு பூரா தேடி, கடைசியில அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு. எனக்கு மீட்டிங் போச்சு. வேணும்னே பண்ணுது. அவ்வளவு பிடிவாதம்!”

நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“பிடிவாதமா? நல்லா சொன்னீங்க மேடம். அந்த அட்டை கழுத்துல ஏறினா அம்மா போயிடுவாங்க, அட்டை இல்லேன்னா போக மாட்டாங்க. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். உங்களைப் போக விடாம இருக்கறதுக்கு அது படாத பாடு படுது. நீங்க என்னடான்னா பிடிவாதங்கறீங்க.”

அந்தப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எப்படி ஆன்ட்டி உங்களுக்கு இதெல்லாம் தெரியுது?” என்று கேட்டாள். நான் பெருமையாகக் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெருமை! அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மதியச் சாப்பாடு முடிந்து தம்ளர் கழுவப் போனேன். பிள்ளைகள் பாதி குடித்துவிட்டு வைத்த தம்ளர்கள். மீதித் தண்ணீரை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தேன். ஒன்று. இன்னொன்று. மூன்றாவது தம்ளரில் கை நின்றுவிட்டது. என் கையில் இருந்தது என் மகளின் கை மாதிரி இருந்தது. தண்ணீர் இல்லையென்றால் அம்மா போக மாட்டாள். ஒரு வியாழக்கிழமை அது நடந்திருக்கிறது. அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் எத்தனை நாள் கொட்டியும் நான் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். ஆகையால் போதுமான அளவு கொட்டவில்லை என்று நினைத்திருக்கிறாள். டிரம் போதாது, குடம். குடம் போதாது, பாட்டில். அடியை வாங்கிக்கொண்டு, அழாமல், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறாள்.

ஊரான் வீட்டுப் பிள்ளையின் மனசு எனக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது. என் பிள்ளையின் மனசு தெரிய ஆறு வாரம் ஆனது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புளியைத் தொடவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மிக்குழவியை மட்டும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தம்ளரோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். அடிப்பதற்கு வாகாக! கொட்டும் முன்னாலேயே அடியை வாங்கிவிட்டால் வேலையைத் தடையில்லாமல் முடிக்கலாம் என்பது மாதிரி.

காது அடைத்தது எனக்கு. இந்த முறை கோபம் அவள் மேல் இல்லை. ஆனால் கோபத்துக்கு அது தெரிகிறதா? அது பாட்டுக்குக் கழுத்தில் ஏறியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். எண்ணவில்லை. உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

“இன்னும் எவ்வளவுடி பாக்கி இருக்கு?” என்றேன்.

அவள் எட்டிக் குடத்துக்குள் பார்த்தாள். “இது ஃபுல்லா இருக்கு. அப்புறம் அப்பா பாட்டில்.”

“எல்லாம் தீர்ந்துட்டா?”

“நீ இருப்ப.”

“தோசை ஊட்டுவனா?”

“ம். தலை பின்னுவ.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “லாரி வரணும். லாரி லேட்டா வரணும்,” என்றாள்.

அப்போதுதான் அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. இது ஒரு வேலை செய்கிறவளின் முகம். என் முகமும் குழாயடியில் இப்படித்தான் இருக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். புரிந்தது, கட்டிக்கொண்டோம், அழுதோம் என்று. கட்டிக்கொண்டோம், அழுதோம். மறுநாள் ஐந்தே முக்காலுக்குப் பஸ் இருந்ததே! அவள் கொட்டாத தண்ணீர் வீடு நிறைய இருந்தது, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் கிளம்பிப் போனேன். புரிந்துகொண்டு போவதற்கும் புரியாமல் போவதற்கும் தூங்குகிற பிள்ளைக்கு என்ன வித்தியாசம்?

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்குப் போனதும் பொறுப்பாளர் மேடத்தின் அறைக்குள் நுழைந்தேன். எனக்கு எல்லா நாளும் பின் முறை கொடுங்கள், சாயங்காலம் ஏழரை வரைக்கும் இருந்து கதவைப் பூட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். என் பிள்ளை இப்படி இப்படி என்று முழுக்கச் சொன்னேன். அவர் நன்றாகத்தான் கேட்டார். கண்கூடக் கலங்கியது.

“ஐயோ, பாவம் குழந்தை. ஆனா காலையில நீங்க இல்லாம முடியாதும்மா. செவ்வாய், வெள்ளியே எவ்வளவு அழுகை தெரியுமா? குழந்தைங்க உங்ககிட்டதான் செட்டில் ஆகறாங்க. தாய் விட்டுட்டுப் போற நேரம் எவ்வளவு முக்கியம்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரியும் மேடம்,” என்றேன். “எனக்குத்தான் நல்லாத் தெரியும்.”

அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். பத்து வரை எண்ணச் சொன்ன அதே வாய். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நான் எண்ணினேன். இருநூறு வரைக்கும் எண்ணினேன். இறங்கவில்லை. இன்றைக்கும் இறங்கவில்லை. கோபத்தை ஆளத் தெரியாதது தாயின் குறை என்று அழகாகப் படம் போட்டுக் காட்டுகிறவர்கள், அந்தத் தாயின் காலை நேரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு ஏன் பேசுகிறார்கள்? நான் அடித்தது என் குறை. அதை யார் தலையிலும் நான் கட்டவில்லை. ஆனால் என் கண்ணை மறைத்ததில் அந்தக் குழாய்க்கும், அந்தக் கதவைத் திறக்கும் நேரத்துக்கும் பங்கு உண்டு. அதையும் அந்தத் திரையில் போடட்டும்.

இப்படி வந்து நின்றது ஞாயிற்றுக்கிழமை.

நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டாள். தானே தைத்த ஷூ, வெள்ளையில் சிவப்புப் பட்டை. போட்டுவிட்டு, விரலால் முனையை அழுத்திப் பார்த்து, “ஒரு விரக்கடை இடம் இருக்கு, ஆறு மாசம் வரும்,” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டே நான் சொல்ல வேண்டியிருந்தது.

“அண்ணி, பிள்ளைய அனுப்பல.”

கணவர்தான் முதலில் வெடித்தார். “நீதானே போன் போட்டு வரச் சொன்னே? அவங்க ரெண்டு நாள் லீவு போட்டு வந்திருக்காங்க. என்ன விளையாட்டா?”

“சொன்னேன். இப்ப வேண்டாங்கறேன்.”

“அது கொட்டும், நீ அடிப்பே. பழையபடி தெரு சிரிக்கும்.”

“அது ஏன் கொட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க அதே வீட்டுலதானே படுத்துக் கிடந்தீங்க?” என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அட்டை, அரிசி டப்பா, தம்ளர், லாரி லேட்டா வரணும் என்றது. கத்திக்கொண்டேதான் சொன்னேன்.

கணவர் தலையைத் தேய்த்துக்கொண்டார். “சரி, புரிஞ்சுது. புரிஞ்சு என்ன பண்றது? நாளைக்குக் காலையில நீ போகத்தானே போறே?”

நான் பையைக் காலால் மறித்தேன்.

நாத்தனார் நம்பவில்லை. “நாலு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு யோசனை ஓடுமா? நீ அடிச்சதுக்குச் சமாதானம் தேடறே,” என்றாள்.

“ஆமா, அடிச்சேன். அடிச்சதுக்குச் சமாதானம் கிடையாது. அதுக்காக அதைத் தூக்கி உங்ககிட்ட கொடுத்துட்டா, நான் இருக்கணும்னு ஆறு வாரமா அடி வாங்கின பிள்ளைக்கு நான் என்ன கொடுத்ததா ஆகும்? பிள்ளை இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!”

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. காது அடைத்திருந்தால் அடுத்தவர் மனசு மட்டும் எப்படித் தெரியும்? கணவர் “ஏய்!” என்றார். நாத்தனார் முகத்தில் இருந்த வெளிச்சம் சுவிட்சை அணைத்த மாதிரிப் போனது. வாசல்படியிலிருந்து மகள் எழுந்து வந்தாள். மேடைக்குக் கீழே இருந்த தம்ளரை எடுத்தாள். ஷூக்காலோடு குடத்தருகே போய் நின்றுகொண்டு, என்னைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தாள். கொட்டவா என்று கேட்கிற மாதிரி.

நாத்தனார் ரொம்ப நேரம் அவளையே பார்த்தாள். நான், “அண்ணி, நான் சொன்னது…” என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் அவள் கையை நீட்டி என் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கேட்டாள். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், நாளைக்குக் காலையில குழாயில தண்ணி வருமா வராதா என்று.

“வராது,” என்றேன். “செவ்வாய்க்கிழமைதான் வரும்.”

“டேங்கரு?”

“ஒன்பதுக்கு மேல. சில நாள் பதினொண்ணு ஆகும்.”

நாத்தனார் எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிள்ளை கையிலிருந்த தம்ளரை வாங்கி மேடையில் வைத்தாள். நிறைகுடத்தை ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், ஓட்டையின் மேல் அப்படியே கவிழ்த்தாள். திரும்பி வந்து பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம், டிரம்மின் குழாயில் நான் இறுக்கிக் கட்டியிருந்த துணியைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.